ஆடியில் விதைக்காதீர்கள்: தென்னாப்பிரிக்க வீட்டு முற்றத்தில் விதை போட்டுப் புல்தரை வளர்க்கும் முறை

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் தென்னாப்பிரிக்காவுக்கு வந்ததும் ஓரமாக எடுத்து வைக்க வேண்டியது அந்தப் பழமொழியைத்தான். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்கள் அமைந்துள்ள மேட்டுநிலத்தில் ஆடி மாதம் என்பது, இரவு வெளியே நிறுத்திய காரின் கண்ணாடியில் காலையில் உறைபனி படிந்திருக்கும் காலம். அப்போது மண்ணில் போட்ட புல்விதை முளைக்காது; முளைக்கும் காலம் வரும்வரை அதைப் புறாக்களும் எறும்புகளும் விட்டுவைக்கவும் மாட்டா.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக வந்து, சில ஆண்டுகள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்துவிட்டு, மிட்ராண்டிலோ லெனேசியாவிலோ, டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸ், வெருலம் பக்கத்திலோ முதன்முறையாக முற்றத்தோடு கூடிய வீட்டுக்குக் குடிவந்திருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நம் ஊரில் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டால் போதும். இங்கே வெறும் மண்ணாக விட்ட முற்றம் கோடையின் இடிமழையில் சேறாகி வீட்டுக்குள் வரும். ஆகஸ்ட் மாதக் காற்றில் புழுதியாகி மீண்டும் வரும். புல்தரை இங்கே அழகுக்காக மட்டும் போடப்படுவதில்லை.

பாய்போலச் சுருட்டி விற்கப்படும் ஆயத்தப் புல்லை வாங்கி விரித்தால் ஒரே நாளில் பச்சையாகிவிடும் என்பது உண்மையே. ஆனால் சதுர மீட்டர் கணக்கில் பார்த்தால் விதையைவிட அதன் செலவு பல மடங்கு அதிகம். மேலும், கீழே உள்ள மண்ணைச் சரிசெய்யாமல் விரித்த சுருள்புல் ஓராண்டில் மஞ்சளித்துப் போவதைப் புதுக் குடியிருப்புகளில் அடிக்கடி காணலாம். மண்ணைப் பண்படுத்தும் உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான் என்னும்போது, மூன்று மாதம் பொறுத்திருக்க முடிந்தவர்கள் விதையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. செங்குத்தான சரிவுக்கு மட்டும் சுருள்புல்லே பொருத்தம். அங்கே போட்ட விதை முதல் மழையிலேயே அடிவாரத்துக்குப் போய்விடும்.

எப்போது விதைப்பது

கிக்கூயூ, அருகு போன்ற வெப்பக்காலப் புல்வகைகள் முளைப்பதற்கு மண்ணின் வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்கு மேல் நிலையாக இருக்க வேண்டும். பகலில் வெயில் சுள்ளென்று அடிப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. செப்டம்பர் தொடக்கத்தில் மேட்டுநிலத்தில் இரவுகள் இன்னும் குளிராகவே இருக்கும், மண்ணும் சூடேறியிருக்காது. நம் மாதக் கணக்கில் சொன்னால், புரட்டாசி விரதம் தொடங்கும்போது மண் வேலையைத் தொடங்கி, தீபாவளியை ஒட்டி விதைப்பது ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக்கு மிகவும் பொருந்துகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழையும் தொடங்கிவிடும். தவறவிட்டவர்கள் பிப்ரவரி முற்பகுதிவரை விதைக்கலாம். அதற்குப் பிறகு விதைத்தால் மே மாத உறைபனிக்குள் வேர் ஆழம் போயிருக்காது.

டர்பன் கடற்கரைப் பகுதியில் உறைபனி கிடையாது என்பதால் ஆகஸ்ட் இறுதியிலிருந்து மார்ச்வரை காலம் தாராளமாக இருக்கிறது. கேப்டவுனின் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை வறண்டது, தென்கிழக்குக் காற்று மேல்மண்ணை ஒரே மதியத்தில் உலர்த்திவிடும். எனவே அங்கே குளிர்காலப் புல்வகைகளை மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், வெப்பக்காலப் புல்லைச் செப்டம்பர், அக்டோபரிலும் விதைப்பார்கள்.

எந்தப் புல்

கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் கிக்கூயூ. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்த இப்புல், கென்யாவின் கிக்கூயூ மக்களின் பெயரைத் தாங்கியது. விரைவில் படரும், குழந்தைகளின் ஓட்டத்தையும் நாய்களின் ஆட்டத்தையும் தாங்கும், காயம்பட்ட இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். ஆனால் தண்ணீரும் உரமும் நிறையக் கேட்கும். முழு வெயில் இல்லாவிட்டால் மெலிந்துபோகும். அதன் தண்டுகள் மண்ணுக்கு அடியிலும் மேலும் ஓடிக் கறிவேப்பிலை மரத்தடியையும் வெந்தயப் பாத்தியையும் பிடித்துக்கொள்ளும். பாத்தி ஓரத்தில் 15 செ.மீ. ஆழத்துக்குத் தடுப்புப் பட்டை புதைக்க மனமில்லாதவர்கள் கிக்கூயூவைத் தவிர்ப்பது நல்லது. சதுப்புநிலத்தையோ ஓடையையோ ஒட்டிய வீடுகளில் இதை விதைக்கவே வேண்டாம். கரையிலிருந்து இறங்கி அங்குள்ள இயல்தாவரங்களை இது மூடிவிடும்.

இரண்டாவது, இங்கே க்வீக் என்று அழைக்கப்படும் புல். பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லே அது. அதே இனம், அதே மூன்று பிரிவு நுனி. வறட்சியை நன்றாகத் தாங்கும், உரம் குறைவாகப் போதும், தாழ்வாக வெட்டினால் அடர்த்தியாகப் படரும். தண்ணீர்க் கட்டணத்தைப் பார்த்து வருந்துகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுவே. கோல்ஃப் மைதானங்களில் காணும் மெல்லிய கலப்பின வகைகள் விதை தருவதில்லை, அவற்றைக் கொடியாகவே நட வேண்டும். ஆகவே விதைப் பொட்டலத்தின் மீது கோல்ஃப் மைதானப் படத்தைப் பார்த்து அதே புல் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாவது வகை, எவர்கிரீன் என்று பொதுவாக விற்கப்படும் கலவை. ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் போன்ற குளிர்நாட்டுப் புற்கள் அதில் இருக்கும். குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கும், ஓரளவு நிழலையும் தாங்கும். ஆனால் மேட்டுநிலத்தின் வறண்ட குளிர்காலத்தில் அந்தப் பச்சைக்கு நீங்கள் வாரந்தோறும் தண்ணீர் விட வேண்டும். டர்பனின் புழுக்கத்தில் இது பூஞ்சை பிடித்து அழுகும் என்பதால் அங்கே வாங்கவே வேண்டாம்.

டர்பன் வீடுகளில் மா, லிச்சி, அவகாடோ மரத்தடி நிழலுக்கு ஏற்றது எல்.எம். புல். பெரியா புல் என்றும் அதைச் சொல்வார்கள். அது பொதுவாக விதையாகக் கிடைக்காது. அக்கம்பக்கத்தில் இருக்கும் பழைய வீடுகளில் கேட்டால் ஒரு சாக்கு நிறையக் கொடியை வெட்டித் தருவார்கள், அதை ஒரு சாண் இடைவெளியில் நட்டால் போதும்.

மண்

இந்தப் பகுதியை அவசரமாகப் படித்துவிட்டு விதைக்குத் தாவ வேண்டாம். புல்தரை நன்றாக வருமா வராதா என்பது விதை பையிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

புது வீடானால் முதலில் மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கட்டட வேலை முடிந்ததும் செங்கல் துண்டு, காரை, கலந்து மீந்த சிமெண்ட் எல்லாவற்றையும் பரப்பி அதன்மேல் நான்கு விரற்கடை செம்மண்ணைத் தூவிவிட்டுப் போவது பரவலான வழக்கம். தோட்டத்து முள்கரண்டியை 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் குத்திப் புரட்டி, தட்டுப்படும் கல்லையும் காரையையும் பொறுக்கி எடுங்கள். சிமெண்ட் கழிவு தங்கிய இடத்தில் மண் காரத்தன்மை ஏறி, முளைத்த புல் வெளிறிப்போகும். மாறாக, மழை மிகுந்த நேட்டால் பகுதி மண் பெரும்பாலும் புளிப்பேறியது. எளிய சோதனைப் பெட்டி ஒன்றை நர்சரியில் வாங்கிப் பார்த்து, பி.எச். 6-க்குக் கீழே இருந்தால் டோலமைட் சுண்ணாம்பு தூவிக் கலக்க வேண்டும். சோதிக்காமல் சுண்ணாம்பு போடாதீர்கள்.

அடுத்தது பழைய களை. கோரை உள்ள நிலத்தில் சுழல்கலப்பையை ஓட்டுவது பெருந்தவறு; ஒவ்வொரு கிழங்கும் சங்கிலிபோல் மற்றொன்றோடு இணைந்திருப்பதால், இயந்திரம் அதை வெட்டி முற்றம் முழுவதும் நட்டுக் கொடுத்துவிடும். ஈரமண்ணில் முள்கரண்டியால் நெம்பிக் கிழங்கோடு எடுப்பது ஒன்றே வழி. பழைய கிக்கூயூ ஆங்காங்கே இருந்து, நீங்கள் வேறு புல் விதைக்க விரும்பினால், அது பச்சையாக வளரும் பருவத்தில் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளித்து, ஏழு முதல் பத்து நாள் காத்திருந்து, காய்ந்த பிறகு வாரி எடுங்கள். தெளித்த இடம் உலரும்வரை குழந்தைகளும் நாயும் அங்கே போகக் கூடாது.

மேல்மண் விலைக்கு வாங்குவதானால் இரண்டு எச்சரிக்கைகள். 5 செ.மீ. கனத்துக்குப் பரப்ப, ஒரு கன மீட்டர் மண் 20 சதுர மீட்டருக்கு வரும். ஈரமான ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் அளவுக்கு நிறுக்கும் என்பதால், ஒரு டன் பக்கியில் (இங்கே சிறு சரக்கு வண்டிக்குப் பெயர்) அதை ஒரே நடையில் கொண்டுவருவதாக ஒருவர் சொன்னால் அளவைச் சரிபாருங்கள். மலிவாகக் கிடைக்கும் மண்ணில் கோரைக் கிழங்கும் வரும். இறக்குவதற்கு முன் இரண்டு கைப்பிடி அள்ளி உதிர்த்துப் பாருங்கள். பாசிமணி அளவில் பழுப்பு உருண்டைகள் தென்பட்டால் வண்டியைத் திருப்பி அனுப்புவதில் தயக்கம் வேண்டாம்.

பிறகு உரம். ஒரு சதுர மீட்டருக்கு 30 லிட்டர் பை கம்போஸ்டில் பாதியும், 60 கிராம் 2:3:2 (22) உரமும் போட்டு மேல் 10 செ.மீ. மண்ணில் கலக்கலாம். இந்த எண்களைப் படிக்கும் முறை இந்தியாவில் உள்ளதைப் போன்றதன்று. அடைப்புக்குறிக்குள் உள்ள 22 என்பது நூறு கிலோவில் 22 கிலோ சத்து இருப்பதைக் குறிக்கிறது. அந்த 22 தான் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்று 2:3:2 விகிதத்தில் பிரிகிறது, அதாவது ஏறத்தாழ 6.3, 9.4, 6.3. நம் ஊர் 17:17:17 மூட்டையில் எண்களே நேரடி விழுக்காடு. அதிலும் பாஸ்பரசும் பொட்டாசியமும் ஆக்சைடாகக் கணக்கிடப்படுகின்றன, இங்கே தனிமமாக. ஊர்க் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு அளந்தால் பிசகும்.

எல்லாம் கலந்த பின் தரையை மட்டம் செய்யுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாக ஒரு மீட்டருக்கு ஒன்றிரண்டு செ.மீ. சரிவு வேண்டும். நடைபாதைக் கல்லைவிட மண்மட்டம் 2 செ.மீ. தாழ்வாக இருக்கட்டும், புல் வளர வளரத் தரை உயரும், பின்னர் வெட்டும் இயந்திரத்தைக் கல்மேல் சக்கரம் வைத்து ஓட்ட வசதியாக இருக்கும். உருளை இல்லாதவர்கள் குதிகாலை அழுத்திச் சிறு அடிகளாக முற்றம் முழுவதும் நடந்து, பள்ளம் விழுந்த இடங்களை நிரப்பி, மீண்டும் வாரி மட்டம் செய்யலாம்.

இப்போது விதைக்கக் கை துடிக்கும். ஆனால் இரண்டு மூன்று வாரம் காத்திருக்கச் சொல்வேன். தயாரான மண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். மண்ணில் உறங்கிக்கொண்டிருந்த களை விதைகள் முளைத்து மேலே வரும். அவற்றை மண்ணை ஆழமாகக் கிளறாமல் மண்வெட்டியின் விளிம்பால் சீவி எடுத்த பின் விதைத்தால், பின்னால் செய்ய வேண்டிய களையெடுப்பில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

விதைக்கும் நாள்

காற்றில்லாத காலை வேண்டும். அளவு: அருகுக்குச் சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம், கிக்கூயூவுக்குச் சுமார் 10 கிராம், எவர்கிரீன் கலவைக்கு 30 முதல் 40 கிராம். சில விதைகள் நீலமோ பச்சையோ பூச்சுப் பூசி வரும். அந்தப் பூச்சும் எடையில் சேர்வதால், பொட்டலத்தில் அச்சிட்ட அளவையே பின்பற்ற வேண்டும். அதிகம் போட்டால் அடர்த்தியாக வரும் என்று நினைப்பது சரியல்ல. நெருக்கமாக முளைத்த நாற்றுகள் ஒன்றையொன்று நெருக்கி, ஈரம் தங்கி, அழுகிச் சாயும்.

அருகு விதை மிகவும் சிறியது. அதை வெறுமனே வீசினால் எங்கே விழுந்தது என்பதே தெரியாது. ஒரு பங்கு விதைக்கு நான்கைந்து பங்கு உலர்ந்த மணல் கலந்து, கலவையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வடக்கு தெற்காகவும் மற்றதைக் கிழக்கு மேற்காகவும் நடந்து தூவுங்கள். பிறகு பல் வைத்த வாருகோலைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் மண்ணை மெல்லத் தடவினால் விதை அரை செ.மீ.க்குள் மறையும்; அதற்கு மேல் ஆழம் போனால் முளை வெளியே வராது. மேலே சலித்த கம்போஸ்டை மெல்லிய போர்வையாகத் தூவி, காலாலோ பலகையாலோ அழுத்துங்கள். விதை மண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதே இந்த அழுத்தத்தின் நோக்கம். லேசான சரிவுள்ள இடத்தில் பழைய சணல் சாக்கை விரித்துக் கம்பி வைத்துப் பிடித்தால் இடிமழை விதையை அடித்துச் செல்லாது. முளை கண்ணில் பட்ட அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும்.

முதல் மூன்று வாரத் தண்ணீர்

முளைக்கும்வரை மேல் ஒரு செ.மீ. மண் காயவே கூடாது. விதை ஒருமுறை ஈரம் குடித்து உயிர்த்தெழுந்த பின் உலர்ந்தால் அத்தோடு முடிந்தது. ஆகவே அடிக்கடி, ஆனால் கொஞ்சமாக, மூடுபனிபோல விழும் தெளிப்பில் நீர் விட வேண்டும். ரப்பர் குழாயில் கட்டைவிரலை வைத்துப் பீய்ச்சினால் விதை குவிந்து திட்டுத்திட்டாக முளைக்கும்.

ஜோகன்னஸ்பர்க்கில் இதில் ஒரு சிக்கல் உண்டு. செப்டம்பர் 1 முதல் மார்ச் 31 வரை காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை குழாய்நீரைத் தோட்டத்துக்கு விடக் கூடாது என்பது மாநகரக் குடிநீர் விதி. விடியுமுன் ஒரு முறையும் மாலை ஆறுக்குப் பின் ஒரு முறையும் விட்டு, நடுப்பகல் ஈரத்தைக் கம்போஸ்ட் போர்வை காக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மழைநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இக்கவலை குறைவு: 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 1,000 லிட்டர் சேரும். டர்பனில் இருப்பவர்கள் இரவில் நீர் விடாமல் விடியற்காலையில் விடுவது நல்லது. இரவெல்லாம் ஈரமாக நிற்கும் இளநாற்றில் பூஞ்சை பிடிக்கும்.

ரைகிராஸ் ஐந்து முதல் பத்து நாளில் முளைக்கும். ஃபெஸ்க்யூ இரண்டு வாரம்வரை எடுக்கும். அருகும் கிக்கூயூவும் பத்து நாளிலிருந்து மூன்று வாரம்வரை எடுக்கும். பன்னிரண்டாம் நாள் ஒன்றும் தெரியவில்லையே என்று மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டாம். அதிகாலை வெயில் சாய்வாக விழும்போது தரையோடு தரையாகக் குனிந்து பாருங்கள். நிமிர்ந்து நிற்கையில் தெரியாத மெல்லிய பச்சைப் படலம் அப்போது கண்ணுக்குத் தெரியும்.

முளைத்த பின் மெல்ல மெல்ல இடைவெளியைக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஆழமாக நனையும்படி விடுங்கள். அப்போதுதான் வேர் கீழே இறங்கும். இரண்டு மாதத்துக்குப் பிறகு கோடையில் மழையும் சேர்த்து வாரத்துக்கு 25 மி.மீ. போதும். அதை அளக்க, காலியான டின் மீன் டப்பாக்கள் இரண்டு மூன்றைப் புல்லின் மேல் ஆங்காங்கே வைத்துத் தெளிப்பானை ஓட்டி, சேர்ந்த நீரை அளவுகோலால் பார்த்தால், எத்தனை நிமிடம் ஓட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. என்பது ஒரு லிட்டர். கட்டணக் கணக்கையும் அப்படியே போட்டுப் பார்க்கலாம்.

வெட்டுதலும் அடுத்த உரமும்

புல் 6 முதல் 8 செ.மீ. உயர்ந்ததும், தரை உலர்ந்திருக்கும் நாளில், கூர்தீட்டிய தகட்டால் முதல் வெட்டு. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. மொண்ணைத் தகடு இளநாற்றை வெட்டாமல் வேரோடு பிடுங்கும். பின்னர் அருகை 2 முதல் 3 செ.மீ., கிக்கூயூவை 3 முதல் 5 செ.மீ., எவர்கிரீனை 5 முதல் 7 செ.மீ. உயரத்தில் வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி வெட்ட வெட்டப் பக்கவாட்டில் படரும்.

விதைத்து ஆறு வாரமானதும் எல்.ஏ.என். (சுண்ணாம்பு அம்மோனியம் நைட்ரேட்) உரத்தைச் சதுர மீட்டருக்கு 20 கிராம் தூவலாம். அதில் நைட்ரஜன் 28 விழுக்காடு. இலை உலர்ந்திருக்கும்போது தூவி, உடனே நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். ஈர இலையில் ஒட்டிய உருண்டை அந்த இடத்தைக் கருக்கிவிடும்.

முதல் கோடை முழுவதும் புது முற்றத்தில் விசேஷத்துக்குப் பந்தல் போடுவதையும் நாற்காலி வரிசை அடுக்குவதையும் தவிர்த்துவிடுங்கள். உறவினர் வருந்தினாலும் பரவாயில்லை.

களையும் பூச்சியும் ஹடேடாவும்

புதுப் புல்லில் களைக்கொல்லி அடிக்க நான்கு வெட்டுகளாவது முடிந்திருக்க வேண்டும். அதுவரை கைதான் கருவி. முதலில் பிடுங்க வேண்டியது நெருஞ்சி. மஞ்சள் பூ பூத்து முள்காய் பிடிப்பதற்குள் அதன் நடுவேரை வெட்டி எடுங்கள். இந்த நாட்டில் பிள்ளைகள் வெறுங்காலோடுதான் விளையாடுவார்கள். புளியாரையும் கோரையும் மழைக்குப் பின் பிடுங்க எளிதாக வரும்.

விதைத்த பாத்தியில் புறாக்கள் இறங்காமலிருக்க, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பறவை வலையைக் கட்டலாம். விடியற்காலையில் அலறி எழுப்பும் ஹடேடா என்னும் பறவை விதையைத் தின்பதில்லை. ஆனால் அதன் கனத்த கால்கள் முளைத்த பாத்தியை உழப்பிவிடும். நன்றாக வேர்பிடித்த புல்லில் அது வளைந்த நீண்ட அலகால் குத்திக்கொண்டே நடந்தால் விரட்டாதீர்கள், வேரைத் தின்னும் புழுக்களைத்தான் அது தேடுகிறது. ஒரே இடத்தில் நாள்தோறும் குத்தினால் அங்கே புழு அதிகம் என்று பொருள். சந்தேகமிருந்தால் மாலையில் நனைத்த சாக்கு ஒன்றை அந்த இடத்தில் விரித்துவிட்டு, காலையில் தூக்கிப் பாருங்கள்; புல்லைத் தின்னும் கம்பளிப்புழுக்கள் இருந்தால் அதன் அடியில் ஒதுங்கியிருக்கும். பூச்சிமருந்து வாங்குவது அதைப் பார்த்த பிறகுதான்.

முதல் குளிர்காலம்

மே மாத இறுதியில் மேட்டுநிலத்தில் அருகும் கிக்கூயூவும் வைக்கோல் நிறமாகிவிடும். புல் செத்துவிட்டது என்று எண்ணி ஜூன், ஜூலையில் தண்ணீரும் உரமும் கொட்டுவது வீண். அடியில் தண்டும் வேரும் உயிரோடு உறங்குகின்றன. மாதம் ஒருமுறை லேசாக நனைத்தால் போதும். உறைபனி படிந்திருக்கும் காலையில் அதன்மேல் நடக்க வேண்டாம், மிதித்த தடம் வாரக்கணக்கில் மறையாது.

ஆகஸ்ட் இறுதியில் இங்கே வீட்டுக்கு வீடு புல்லைத் தாழ்வாக வெட்டி, லான் டிரெஸ்ஸிங் என்னும் சலித்த மண் கலவையைப் பரப்புவதைக் காணலாம். உங்கள் புல்தரைக்கு அது முதல் ஆண்டு என்பதால், காய்ந்த பகுதியை மட்டும் வாரி எடுத்துவிட்டு, பள்ளம் விழுந்த இடங்களில் மட்டும் ஒரு செ.மீ. கனத்துக்குப் போடுங்கள்; புல்லின் நுனி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். வழுக்கையாக நின்ற திட்டுகளை அக்டோபர்வரை விட்டுவைத்து, மீதமிருக்கும் விதையை அப்போது தூவுங்கள். அதுவரை அந்த விதைப்பொட்டலம் வாயைக் கட்டி உலர்ந்த, குளிர்ந்த அலமாரியில் இருக்கட்டும். தகரக் கொட்டகையின் சூட்டில் வைத்தால் முளைப்புத்திறன் குறைந்துவிடும்.